வேன்காரம்மா தத்தெடுக்காத பெண்

தாய் ஏழையாக இருந்தால் அவள் பெற்ற பிள்ளை அனாதையா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். அப்படியானால் அனாதை இல்லத்துக் குழந்தையின் படத்தைப் பார்த்து "பாவம், யாருமில்லை" என்று உச்சுக்கொட்டினீர்களே, யாருமில்லை என்று உங்களுக்குச் சொன்னது யார்? எங்கள் தெரு வேன்காரம்மா அதை விசாரித்துவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். ஒரு கண் சாலையில், மறு கண் பின்சீட்டு அடிதடியில். மாலையில் எந்தப் பிள்ளையையும் சும்மா இறக்கிவிட மாட்டார். "உன்னைக் கூட்டிட்டுப் போக யாரு வருவா?" என்று கேட்பார். பிள்ளை சொன்ன ஆள் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருமுறை ஓர் அப்பா போனில் கத்தினார், மச்சானை அனுப்பியும் பிள்ளையை விடவில்லை என்று.

"உங்க மச்சானாவே இருக்கட்டும் சார். பிள்ளை அத்தை வரும்னுல்ல சொல்லுச்சு?"

அத்தை வரும்வரை வேன் நகரவில்லை.

அவருக்கும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவருக்கும் பிள்ளை இல்லை. பல வருடம் காத்திருந்து, தொலைவில் ஓர் ஏழை நாட்டில், ஆறு வயதுப் பெண்ணைத் தத்தெடுக்க அனுமதி கிடைத்தது. மெக்கானிக் மாடி அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். தன் தலைக்கும் சேர்த்துத்தான்.

"தலையைக் கழுவுங்க. பொண்ணு பயந்துக்கப் போகுது."

"உன் குரலையே தாங்கப் போறவ, என் தலையைத் தாங்கமாட்டாளா?"

இருவரும் அந்த நாட்டுக்குப் போனார்கள். அங்கே அனாதை இல்லத்தில் நீளமான கூடம். வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் மடித்த போர்வை. முன்பல் விழுந்த அந்தப் பெண் வேன்காரம்மாவின் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்த்தாள். பிறகு, ஏதோ முடிவுக்கு வந்தவள்போல மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "தூசி" என்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் கையெழுத்து. அதற்கு முன் பெண்ணை வெளியே கூட்டிப்போய் வரலாம் என்றார் இல்லத்தின் நிர்வாகி. வாசலில் டாக்சி நின்றது. கதவைப் பிடித்ததும் வேன்காரம்மாவின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "உன்னைக் கூட்டிட்டுப் போக யாரு வருவா?"

மொழிபெயர்க்க வந்த பெண் அதைச் சொன்னாள். சிறுமியின் பதிலைக் கேட்டுத் தயங்கினாள்.

"அம்மா வருவாங்களாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை முடிஞ்சதும்."

நிர்வாகி சிரித்தார். வேன்காரம்மா சிரிக்காததைக் கண்டு குரலை இறக்கினார். "அம்மா இருக்கா, சரி. இருந்து என்ன? சோறு போட வழியில்லை. உங்க கைக்கு வரணும்னு இவளுக்கு விதி."

விதியாம். அந்தத் தாய்க்கு அரை வயிற்றுக் கூலி கொடுத்தது விதியா? அவள் தங்கும் ஆஸ்பத்திரி வேலையாட்கள் அறைக்குள் பிள்ளை வரக்கூடாது என்று சட்டம் போட்டது விதியா? மனிதன் செய்த அநியாயத்துக்கு வானத்தில் முகவரி தேடினால், பூமியில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

டாக்சி சலவைக்கூடத்துக்குப் போனது. நீராவிக்குள்ளிருந்து ஈரக் கையோடு வந்தாள் தாய். பெண் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"படிக்க வைக்கிறோம்னு இல்லத்துல சொன்னாங்க. லீவுக்கு வருவாள்னு நினைச்சேன். வேற நாட்டுக்கா?" மொழிபெயர்ப்பவளிடம் தாய் இரண்டு தரம் கேட்டாள். பிறகு மெதுவாக, "நல்லவங்களாத் தெரியுது. கூட்டிட்டுப் போங்க. இங்க என்ன இருக்கு?" என்றாள்.

சம்மதமும் கிடைத்துவிட்டது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேன்காரம்மா அம்மா ஆகிவிடலாம். கணவரைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதே. நீ சரின்னா எனக்குச் சந்தோஷம்தான். அதான் என்னைக் கேட்காதேங்கிறேன்."

வேன்காரம்மா தாயிடம் கேட்டார். "பிள்ளையோட இருக்க ஒரு ரூம் கிடைச்சா, இவளை அனுப்புவியா?"

தாய் ஈரக் கையாலேயே பெண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் வேன்காரம்மா கையெழுத்துப் போடவில்லை. தாயிடம் பெண்ணை ஒப்படைக்கும்வரை நிர்வாகியின் அறையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. சலவைக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். விமானத்தில் வேன்காரம்மா அழுதார். மெக்கானிக் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டும்போது திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த அறையின் வாடகை இன்றும் இங்கிருந்துதான் போகிறது. போனில் அந்தப் பெண் நம் மொழியில் "பெரியம்மா" என்கிறாள். மொழிபெயர்ப்பவள் கற்றுக்கொடுத்தது. "பெரியப்பான்னு வாயில வர மாட்டேங்குது. பப்பாங்குது" என்று மெக்கானிக்குக் குறை.

உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகள் உண்டு. அவர்களை நாடு கடந்து போய் எடுத்து வளர்ப்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தாய் உயிரோடு இருக்க, வறுமையைக் காட்டிப் பிள்ளையைப் பிரிப்பது தர்மம் அல்ல. அனாதை இல்லத்துக்குக் கொடுக்கக் கையை நீட்டுமுன், அங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், தாயும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்க உதவுபவர்களைத் தேடிப்பிடித்து அவர்களிடம் கொடுங்கள்.