பிலோமினா மேடம் பாஸ் போடவில்லை

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "சேகர், நம்ம பிலோமினா மேடம் போய்ட்டாங்கப்பா" என்று போனில் சொன்னார் பழைய நண்பர். இறங்க வேண்டிய காக்ஸ் டவுன் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

ஐ.நா. அமைதிப்படைக்காக வெளிநாடு போகும் நம் சிப்பாய்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அவர். நானும் அதே மையத்தில் ஆசிரியன். சிப்பாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியாவிட்டாலும் விறைப்பாக நின்று 'யெஸ் சார்' என்பார்கள். அதிகாரியிடம் புரியவில்லை என்று சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. மேடம் வேண்டுமென்றே தலையும் வாலும் இல்லாத உத்தரவு ஒன்றை வயர்லெஸ்ஸில் சொல்வார். 'யெஸ்' என்றவனை உட்கார விடமாட்டார். "வெக்கமெல்லாம் இங்கயே பட்டுக்கோ. அங்க பட்டா உசுரு போயிடும்" என்பார்.

முருகேசன் என்ற சிப்பாய் கடைசித் தேர்விலும் 'யெஸ் சார்' தான் சொன்னான். மேடம் ஃபெயில் போட்டார். அவன் என்னிடம் வந்து, "இந்த வாட்டி விட்டா எனக்கு வயசு தாண்டிடும் சார்" என்று நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பட்டியல் அனுப்புவது என் வேலை. மேடத்திடம் சொல்லாமல் பாஸ் என்று மாற்றி அனுப்பினேன். பெரிய தர்மவான் என்ற நினைப்பு.

அவன் போன இடத்தில் வேற்று நாட்டு அதிகாரி ஒருவர், கண்ணிவெடி இருக்கிறது, அந்தச் சாலையில் போகாதே என்று வயர்லெஸ்ஸில் எச்சரித்திருக்கிறார். 'யெஸ் சார்' என்று பதில் சொல்லிவிட்டு முருகேசன் அதே சாலையில் வண்டியை விட்டான். அவனும் பக்கத்தில் இருந்தவனும் பிணமாகத்தான் திரும்பினார்கள்.

விசாரணையில் மேடம், "நான்தான் பாஸ் போட்டேன்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அழுதபோது, "உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் ஆறு மாசத்துல ரிட்டயர். விடுங்க சார்" என்றார். அதன்பிறகு என்னிடம் பேசவே இல்லை.

மேடத்தை அடக்கம் செய்தபோது கல்லறைத் தோட்டத்தில் என் பின்னால் யாரோ, "இந்தம்மா பாஸ் போட்டுத்தானே அந்த ரெண்டு பேரும் செத்தாங்க" என்றார்கள். அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோழை.

அவரை அறிந்தவர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடையதாக என்னிடம் இருப்பது முருகேசனின் மதிப்பெண் தாள் ஒன்றுதான். அதன் அடியில் அவர் கைப்பட எழுதியிருக்கிறார்: 'இவனை அனுப்பாதீர்கள். செத்துப்போவான்.' பட்டியலைத் திருத்துவதற்கு முன் நான் அதைப் படித்தேன்.