ஏகாதசி மீன்

தருலதா குண்டூவுக்குக் காய்கறி ஆகாது என்பது காட்வா ஊரில் நாலு தெருவுக்குத் தெரிந்த செய்தி. கல்யாணமாகி வந்த மறுநாள், புதுப்பெண் தன் கையால் உறவுக்காரர்களுக்குச் சோறு பரிமாற வேண்டும். அவள் சோறு பரிமாறினாள், பருப்பு பரிமாறினாள், கெண்டை மீன் துண்டங்களைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். பூசணிக்காய்க் கறி இருந்த வாளி வந்ததும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அந்த வாசனை குமட்டுகிறதாம். பந்தியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மாமனார் எழுந்து போய்விட்டார்.

கத்தரிக்காய் வழவழ என்பாள். முள்ளங்கி நாற்றம் என்பாள். கீரை ஆட்டுக்கு, பாகற்காய் எதிரிக்கு. உருளைக்கிழங்கை மட்டும் ஒத்துக்கொள்வாள், அதை அவள் காய்கறியிலேயே சேர்ப்பதில்லை. மீன்குழம்பில் ஒரு துண்டு முருங்கைக்காய் விழுந்திருந்தால் போதும், கிண்ணத்தையே தள்ளிவைத்துவிடுவாள். மீன் தனியாக இருக்கவேண்டும், கடுகு அரைத்துவிட்டு, எண்ணெய் மிதக்க.

புருஷன் அபனி அதற்கு வளைந்துகொடுத்தான். துணிக்கடையில் முழம் போடுகிற வேலை. கடைக்குப் போகுமுன் தினமும் காலையில் படித்துறைக்குப் போய், மீன்காரனோடு மல்லுக்கட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிவருவான்.

"என் பொண்டாட்டி போன பிறவியில கொக்கு. ஒத்தைக் கால்ல நிக்கிறது ஒண்ணுதான் பாக்கி" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அதற்குப் பதில் அவனுடைய அக்கா குமுதினியிடமிருந்து வரும். "பூனைகூட வயித்துவலி வந்தா புல்லு தின்னும் தம்பி. உன் கொக்கு அதுவும் தின்னாது."

குமுதினி பதினைந்து வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்கென்று தனிச் சமையலறை, தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு, பசலைக்கீரை எதுவும் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. ஒருவேளைச் சோறு. ஆனால் அந்தச் சமையலின் பேர் பெரியது. வாழைப்பூவை அவள் பொரித்து வேகவைத்தால் ஆட்டுக்கறி என்று சத்தியம் செய்வார்கள். பாகற்காயும் முருங்கைக்காயும் வடகமும் போட்டு அவள் வைக்கிற கசப்புக் கறிக்காகக் கோயில் பூசாரி மத்தியானம் சும்மா இந்தப் பக்கம் வந்து நலம் விசாரிப்பார். சாமிக்குப் படைக்கிற சமையல் என்பதால் உப்புகூட வாயில் வைத்துப் பார்க்கமாட்டாள். எல்லாம் கைக்கணக்கு. அந்தச் சமையலில் ஒரு கவளம்கூட தருலதா பதினெட்டு வருஷமாகத் தொட்டதில்லை.

ஏகாதசி வந்தால் அந்த வீட்டில் இரண்டு சட்டம். குமுதினிக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சுமங்கலிகள் மீன் சாப்பிட்டே ஆகவேண்டும், புருஷன் ஆயுசு அதில்தான் இருக்கிறது. "என்னைப் போல விரதம் இருக்கிறவ யாரு இருக்கா? எனக்கு மாசம் முப்பது நாளும் ஏகாதசி" என்று தருலதா கேலியாகச் சொல்வாள்.

அந்த ஆவணியில் அஜய் ஆறு கரைபுரண்டது. படகு இறங்கவில்லை. ஏகாதசி அன்று மூன்று துறை அலைந்து, அபனி ஒரு கை பொடிமீன்தான் கொண்டுவந்தான். கொழுந்தன் பெண்டாட்டி பாருல் எல்லாருக்கும் எட்டவேண்டுமே என்று அதோடு பீர்க்கங்காய், கத்தரிக்காய், முள்ளங்கி எல்லாம் போட்டுக் கிளறி வைத்துவிட்டாள்.

"இன்னைக்கு இதான் தீதி. கண்ணை மூடிட்டு முழுங்கிடுங்க" என்றாள் பாருல். அந்த ஊரில் அக்காவைத் தீதி என்பார்கள்.

தருலதா தட்டைப் பார்த்தாள். மீன் எது, முள்ளங்கி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாகக் குழைந்து கிடந்தது. ஒரு மீனையாவது பிரித்தெடுக்கலாம் என்று விரலால் கிளறினாள். கத்தரிக்காய்த் தோல் விரலில் ஒட்டியதும் கையை உதறினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கிணற்றடியில் வெள்ளைப்பூனை இருந்தது. அதன் முன்னால் அத்தனையும் கவிழ்த்துவிட்டு வந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து சோற்றைத் தின்றாள்.

தண்ணீரில்லாமல் கூடத்தில் சுருண்டு படுத்திருந்த குமுதினி கேட்டாள்: "மீன் சாப்பிட்டியா பௌ?" வீட்டு மருமகளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஆச்சு தீதி."

பதினோராம் நாள், கடையில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டு அளந்துகொண்டிருந்த அபனி, நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொல்லித் துணிமூட்டையில் சாய்ந்தான். வண்டி கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

சங்கு வளையலை உடைத்தார்கள், நெற்றியைத் துடைத்தார்கள், கரையில்லாத வெள்ளைப் புடவையைக் கொடுத்தார்கள். முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அவளை அனுப்பினார்கள். பத்து முழ முற்றம். முப்பத்தாறு வயதில் அதைத் தாண்டியவள் மறுபடி தாண்டப்போவதில்லை. பிள்ளைகுட்டி இல்லாததால், போகாதே என்று இழுக்கவும் ஆள் இல்லை.

முதல் இரண்டு மாதம் சோறும் உப்பும் தண்ணீரும்தான் இறங்கியது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள்: "புருஷன் போன துக்கமா, மீன் போன துக்கமான்னு யாருக்குத் தெரியும்?"

எதைச் சொல்லி அழுவாள்? அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பொடிமீன், சுண்டுவிரல் நீளம். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கும் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் நாக்குக்குப் பிடிக்கவில்லை என்று ஓர் ஆயுசைப் பூனைக்குப் போட்டாள். இதை அவள் சந்தேகப்படவே இல்லை. பொழுது கிழக்கே விடிவதைச் சந்தேகப்படுவார்களா?

பிறகு ஒருநாள், தட்டில் முதலில் வைத்த கசப்புக் கறியைத் தள்ளிவைக்கப் போன கை அப்படியே நின்றது. தள்ளிவைக்க எனக்கென்ன உரிமை என்று தோன்றியது. எடுத்து வாயில் போட்டாள். குமட்டியது. தண்ணீர் குடிக்காமல் மென்றாள். கண்ணில் நீர் முட்டியது. விழுங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க தீதி."

குமுதினி கரண்டியோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, கொக்கு மரத்துல ஏறுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

அன்றிலிருந்து அதுவே தருலதாவின் பூஜை. எந்தக் காய் அதிகம் குமட்டுகிறதோ அதை இரண்டு பங்கு கேட்டு வாங்கித் தின்றாள். முள்ளங்கியை நிதானமாக மென்றாள். கத்தரிக்காயை நாக்கில் வைத்து அந்த வழவழப்பு முழுதும் தெரிகிறவரை காத்திருந்தாள். அவனுக்காக ஒரு மீனைத் தின்ன முடியாதவள், இப்போது அவனுக்காகத் தினமும் இதைத் தின்கிறாள். ஒவ்வொரு கவளமும் கஷ்டமாக இருந்தது, அதனாலேயே அதில் ஓர் ஆறுதல் இருந்தது. தண்டனை என்று ஒன்று இருந்தால் என்றாவது அது தீரும் என்று ஒரு நம்பிக்கை.

அப்படி இரண்டரை வருஷம் நன்றாகத்தான் போயிற்று.

மூன்றாம் பங்குனி. வேப்பமரம் தளிர்விட்டது. குமுதினி தளிரைப் பறித்து மொறுமொறுவென்று வறுத்து, கத்தரிக்காய்த் துண்டுகளோடு புரட்டிச் சூடான சோற்றின் மேல் வைத்தாள். தருலதா வழக்கம்போல் மூச்சை அடக்கிக்கொண்டு பிசைந்து வாயில் போட்டாள். கசப்பு வந்தது, அதன் பின்னால் கத்தரிக்காயின் மெல்லிய இனிப்பு வந்தது. எண்ணெயும் உப்பும் சேர்ந்துகொண்டன. அடுத்த கவளத்துக்குக் கை தானாகப் போயிற்று. பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. நன்றாக இருக்கிறது!

பயந்து போய்த் தட்டைக் கீழே வைத்தாள்.

நாக்கு மாறிவிட்டது. அதைத் திருப்பி ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்த்தாள். உப்பு வேண்டாம் என்றாள். ஆறி அவலாய்ப் போனதைத் தின்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. சித்திரையில் பலாப்பிஞ்சுக் கறி ருசித்தது. வைகாசியில் கசகசா அரைத்துவிட்ட பீர்க்கங்காய்க்குக் காலையிலிருந்தே வாய் காத்திருந்தது. பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரிக்கும் சத்தம் கேட்டால், பூஜையில் உட்கார்ந்திருக்கும்போதே எச்சில் ஊறியது. உலகத்தில் எத்தனையோ பேர் நாற்பது வயதில் காய்கறி சாப்பிடப் பழகிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தருலதாவுக்கு அது இரண்டாம் முறை அவனைக் கொன்றது போல இருந்தது. ருசித்துத் தின்பது தண்டனையா? அதற்குப் பேர் விருந்து. புருஷனை அனுப்பிவிட்டு விருந்து சாப்பிடுகிறாள்.

ஆகவே சாப்பிடுவதைக் குறைத்தாள். இரண்டு கவளம், மூன்று கவளம், போதும் என்று எழுந்துவிடுவாள். ஆனியில் கிணற்றடியில் வாளியோடு மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியது குமுதினிதான்.

மறுநாள் காலை இருவரும் வாழைத்தண்டு நறுக்க உட்கார்ந்தார்கள். குமுதினி அரிவாள்மணையில் வில்லை வில்லையாக அரிந்து, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பௌ, என் சமையல் கசந்துபோச்சா?"

"இல்ல தீதி."

"அப்புறம் ஏன் பட்டினி கிடக்கிற? சாகணும்னா ஆத்துல விழு. என் கிணத்தடியில விழாத. தண்ணி எடுக்கணும்."

தருலதா அந்தப் பேச்சில் உடைந்துபோனாள். சொல்லிவிட்டாள். பொடிமீன், கத்தரிக்காய்த் தோல், பூனை, "ஆச்சு தீதி" என்ற பொய், வேப்பிலையின் ருசி, எல்லாம். "நான்தான் கொன்னேன். உங்க தம்பியை நான்தான் கொன்னேன். இப்ப ருசிச்சுத் திங்கறேன், என் நாக்கு அழுகிப்போகட்டும்" என்று தரையில் முட்டிக்கொண்டாள்.

குமுதினி கையை நிறுத்தவில்லை. நாரைச் சுற்றி விரலிலிருந்து கழற்றிப் போட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "கூடத்துல படுத்திருந்தேன்ல. பூனை கத்தரிக்காயைத் துப்பிட்டு மீனைப் பொறுக்கித் தின்னுச்சு. உன்னைவிட அதுக்குச் சாமர்த்தியம்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு என்ன ஆகப்போகுது?" இன்னொரு வில்லை அரிந்தாள். "எனக்குப் பதினொரு வயசுல கல்யாணம். மாமியாக்காரி ஒரு ஏகாதசி விடமாட்டா. பக்கத்துல உக்காந்து, முள்ளு எடுத்து, ஊட்டியே விடுவா. கடைசி ஏகாதசிக்குப் பெரிய கெண்டைத் தலை. எனக்குத்தான் போட்டா. மண்டையோட்டை உறிஞ்சு உறிஞ்சுத் தின்னேன், அவ்வளவு ருசி. ஒம்போதாம் நாள் காலரா. ஒரே ராத்திரி. போயிட்டாரு."

தருலதாவின் அழுகை நின்றது.

"நீ திங்கல, உன் புருஷன் செத்தான். நான் தின்னேன், என் புருஷன் செத்தான். மீனுக்கு என்னடி தெரியும்?"

இதைக் கேட்டு ஒருத்திக்கு நெஞ்சு லேசாக வேண்டும். தருலதாவுக்கு ஆகவில்லை. கையில் பிடித்திருந்த ஒரே கயிறும் அறுந்த மாதிரி இருந்தது. தப்புச் செய்தவளாக இருந்தவரை அவளுக்குச் செய்ய ஒரு காரியம் இருந்தது. இப்போது தப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. அவன் சும்மா செத்தான். அவள் சும்மா இந்தப் பக்கம் வந்தாள். இனி முப்பது வருஷமோ நாற்பது வருஷமோ சும்மா சாப்பிடவேண்டும். குமுதினியின் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதைச் சொல்லாமலே இருந்திருக்கக்கூடாதா?

முற்றத்தின் அந்தப் பக்கம் பாருல் கடுகெண்ணெயில் மீனைப் போட்டாள். சடசடவென்று சத்தமும் பின்னால் வாசனையும் வந்தன. தருலதாவுக்கு அது வெறும் வாசனையாகத்தான் பட்டது. குமுதினியின் கை அப்போதுதான் முதல்முறையாக நின்றது. அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எச்சிலை விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது தெரிந்தது.

"நாப்பத்து நாலு வருஷம் ஆச்சு பௌ" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "இன்னும் இந்த வாசனைக்கு வாயில தண்ணி ஊறுது. வாழைப்பூ, பலாப்பிஞ்சு, வடகம்னு எல்லாரும் புகழறாங்க. எனக்கு எல்லாமே மண்ணு. ஒரு வாய், ஒரே ஒரு வாய் நான் ருசிச்சுத் தின்னதில்ல."

தருலதா அவளையே பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்த்த முகம்.

"உனக்கு மூணு வருஷத்துல வந்துருச்சே. எப்படிடி வந்துச்சு? சொல்லேன். முதல்ல எதைத் தின்னே, எப்படித் தின்னே? நானும் அப்படியே தின்னு பார்க்கறேன்."

கேலியில்லை. அறுபதை நெருங்குகிற பெண், கற்றுக்கொடு என்று கேட்டாள். தருலதா மனதுக்குள் தேடிப் பார்த்தாள். கொடுக்க ஏதாவது இருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பாள்.

"தெரியல தீதி. வேண்டாம் வேண்டாம்னுதான் தின்னேன்."

"நானும் அப்படித்தானே தின்னேன்" என்றாள் குமுதினி.

பிறகு அவள் எழுந்து அடுப்பை மூட்டினாள். வாழைத்தண்டைத் தேங்காய்ப்பூ போட்டு வதக்கி, சாமிக்குப் படைத்துவிட்டு, இரண்டு தட்டில் சமமாக வைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குமுதினி மருந்து விழுங்குகிறவள் போல நாலே வாயில் முடித்துத் தண்ணீர் குடித்தாள். தருலதாவின் தட்டில் அது அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அழுதுகொண்டே முழுதையும் தின்றாள்.