கூலருக்குப் போட்ட மாலை

என் மாமனாருக்கு ஆட்டோமேட்டிக் காரைக் கண்டாலே ஆகாது. "கிளச்சே இல்லாத வண்டிய நம்பி மலை ஏறுவாகளா மாப்ள?" என்பார். சிறுமலையில் அவருக்கு வாழைத்தோட்டம். ஒருமுறை அங்கே போகும் வழியில் என் காரின் கியர் ஆயில் சூடேறி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, பாதி மலையில் நின்றுவிட்டது. வாழைத்தார் ஏற்றிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கினோம். அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டிலும், "நம்ம மாப்ள, கார் வச்சிருக்காரு, ஜீப்புல வருவாரு" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாயை அடைக்கத்தான் கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் ஒன்றைத் தனியாக வாங்கினேன். குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும். பைபாஸ் பட்டறையில் முன் கிரில்லைக் கழற்றி உள்ளே மாட்டி, இரண்டு குழாய்களை இழுத்து இணைத்தார்கள். "முன்னாடி காத்து நல்லாப் படணும்ணே, அம்புட்டுதான்" என்றார் மெக்கானிக்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரையே முன் சீட்டில் உட்காரவைத்து மலை ஏறிக் காட்டுவதென்று முடிவு செய்தேன். புதுச் சாமான் மாட்டிய வண்டியைப் பூஜை போடாமல் கிளப்ப அவர் விடுவாரா? பூ மார்க்கெட்டுக்குப் போய் ஆள் தடிமனில் செவ்வந்தி மாலை வாங்கி வந்தார். என் கல்யாணத்துக்கு அவர் வாங்கிய மாலை இதில் பாதிகூட இருக்காது. கிரில் மொத்தமும் மறைந்துபோனது.

"மாமா, காத்து போகணுமே..."

"எல்லாம் சாமி பாத்துக்கும் மாப்ள."

என் மனைவி காதோரம் வந்து, "மாலைய எடுத்தீங்க, அப்பா கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிருவாரு. பேசாம ஓட்டுங்க" என்றாள்.

ஓட்டினேன். நாலைந்து வளைவுகூடத் தாண்டவில்லை, பாழாய்ப்போன அதே விளக்கு எரிந்தது. ஓரங்கட்டினேன். மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஜீப் ஏதும் வருகிறதா என்று பார்க்க இறங்கி நடந்தார். "செத்த நேரம் பொறுங்க மாமா, சூடு ஆறிரும்" என்று கெஞ்சியபடி நானும் பின்னாலேயே ஓடினேன்.

திரும்பி வந்தபோது வண்டியின் முன்னால் வெள்ளாட்டுக் கூட்டம். மாலையில் நார் மட்டும்தான் மிச்சம். பின் சீட்டில் என் மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப மும்முரமாகச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடடா!" என்று நான் பதறுவதுபோல் நடித்தேன். மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. தோட்டத்து வாசலில் ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். கூலரைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்: "எல்லாம் மாலையோட மகிமைப்பா. சும்மாவா அம்புட்டுப் பெருசா வாங்குனேன்?"

பிறகு என் தோளைத் தட்டினார். "இறங்கயில ரெண்டு மாலையாப் போட்டுருவோம் மாப்ள."