ஒரு றாத்தல் பாண்

பாணுக்காக ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் காதைக் கடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். புங்குடுதீவில், எங்கள் கூட்டுறவுச் சங்கப் பேக்கரியின் வாசலில், காலை ஏழு மணிக்கு. கடிபட்டவர் வரிசையில் முன்னுக்கு நின்றவர். கடித்தவர் அவருடைய சொந்த மச்சான். இரண்டு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தோட்டம் செய்தவர்கள். காதிலிருந்து இரத்தம் வடிய வடிய அந்த மனிதர் என்னிடம் காசை நீட்டி, "மனேச்சர், ரெண்டு றாத்தல் தாங்கோ" என்றார். கொடுத்தேன். பாணின் தோலில் இரத்தம் பட்டது. அவர் அதைத் துடைக்காமலே கொண்டுபோனார்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கிச் சாமான்களுக்குத் தடை வந்திருந்த காலம் அது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், சீனி, எல்லாம் காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. கடலுக்குப் போகத் தடை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வேலையில்லாத ஆண்கள் சந்திகளில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். தோள் இடித்தால் அடிபிடி, சைக்கிள் முட்டினால் வெட்டுக்குத்து. பசி மனிதரைச் சாதுவாக்கும் என்று எவனாவது சொன்னால் அவன் பசித்தவர்களோடு வாழாதவன்.

எனக்கு அப்போது முப்பது வயது. கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். பேக்கரியில் என்னோடு சேர்த்து ஏழு பேர். எங்களுக்குள் முக்கியமானவர் பாண் சுடுகிற போறணைக்கு நிற்கிற அண்ணை. மாவைக் குழைத்து, உருட்டி, போறணைக்குள் தள்ளி, எந்த நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதை மணம் பிடித்தே சொல்கிறவர். வீட்டில் அவரை நம்பி ஐந்து வாய். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் நான் மனேச்சர் என்பதால் எனக்கு எப்போதும் "நீங்கள்" தான்.

ஒருநாள் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்துவதற்காகச் சங்கங்கள் ஒரு றாத்தல் பாணைப் பழைய விலைக்கே விற்க வேண்டும். மக்களின் தொழிலைப் பாதுகாப்பதற்காகச் சங்கங்கள் எந்த ஊழியரையும் நிறுத்தக் கூடாது. மாதக் கடைசியில் இரண்டையும் உறுதிப்படுத்தி மனேச்சர் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். விலை ஏறக்கூடாது, வேலை போகக்கூடாது. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. எழுதினவர் கோதுமை மா எங்கிருந்து வரும் என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதியிருந்தால் நான் அவருடைய காலில் விழுந்திருப்பேன்.

மா பாதியாகக் குறைந்தது. விறகுக்காரன் கேட்ட விலைக்கு அவனை அடிக்கப் போனேன், மற்றவர்கள் பிடித்து இழுத்தார்கள். ஏழு பேரும் குழைக்கிற மேசையைச் சுற்றி நின்று கதைத்தோம். விலையைக் கூட்டினால் சங்கத்தைப் பூட்டுவார்கள். இரண்டு பேரை நிறுத்தலாம் என்றால் எந்த இரண்டு பேர்? கேட்டவுடனே எல்லோருடைய கண்ணும் மற்றவன் முகத்தில் போய் நின்றது. அந்தப் பார்வையில் கத்தி இருந்தது.

அப்போது நான்தான் சொன்னேன். "றாத்தல் எண்டது என்ன? சனம் கேக்கிறது ஒரு பாண். அதுக்குப் பேர் றாத்தல். தராசு கொண்டுவந்து கேக்கிறதில்லையே."

அது உண்மைதான். எங்கள் ஊரில் "ஒரு றாத்தல் தாங்கோ" என்றால் ஒரு பாண் தா என்றுதான் கருத்து. அது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு பழைய நிறை என்று யாரும் நினைப்பதில்லை. அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சினேன்.

அண்ணை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "நிறை குறைச்சா உருண்டை பொங்கிற விதம் மாறும். பாத்தா சனத்துக்குத் தெரியும் மனேச்சர்" என்றார்.

"தெரியட்டும். ஏழு குடும்பம் சாகிறதை விட அது பரவாயில்லை" என்று கத்தினேன்.

மாவுருண்டை நிறுக்க எங்களிடம் ஒரு இரும்புப் படிக்கல் இருந்தது. வேலியோரத்து மதிலிலிருந்து ஒரு முருகைக்கல்லைப் பெயர்த்தேன். எங்கள் தீவில் மதில் முழுக்க அந்தக் கல்தான். கடலில் விளைந்தது, மெத்தென்று கொத்துப்படும். முதலில் இரும்புப் படிக்குச் சமனாக்கி, இரும்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு கத்தியின் முதுகால் கல்லின் ஒரு மூலையைத் தட்டிவிட்டேன். வெள்ளைத் தூள் கொட்டியது. மாத்தூளா கல்தூளா என்று வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த கிழமை மா இன்னும் குறைந்தது, இன்னொரு மூலையைத் தட்டினேன். அதற்கடுத்த கிழமையும் தட்டினேன். விலை ஏறவில்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. கல் மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது. மாதக் கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்து வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடற்கரைப் பக்கத்திலிருந்து மீன் விற்கிற அக்கா வந்தாள். முந்தித் தலையில் கடகத்தோடு மடத்துவெளிப் பக்கமெல்லாம் கூவிக்கொண்டு போனவள். மீன் இல்லாமல் மூன்று மாதம். புருஷனும் அவனுடைய தம்பியும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் ஒரு பாண் வாங்கினாள். வாங்கிக்கொண்டு போகாமல் பையைத் திறந்து தன்னுடைய மீன் தராசை எடுத்து, மேசைக்கு மேலே இருந்த கொக்கியில் மாட்டினாள். ஒரு தட்டில் பாணை வைத்தாள். மற்றத் தட்டில் துருப்பிடித்த பழைய றாத்தல் படிக்கல்லை வைத்தாள்.

படிக்கல் தட்டு டக்கென்று மேசையில் இடித்தது. பாண் மேலே தொங்கியது.

வரிசை முழுக்க முன்னுக்கு நெருங்கி வந்து பார்த்தது. அவள்தான் பேசினாள். "உங்கட ஏழு பேருக்கும் வேலை வேணும், ஓம். என்ர மனிசனுக்கு வேலை இல்லை, அதையும் ஓம் எண்டு பொறுத்தம். ஆனா உங்கட சம்பளத்தை என்ர பிள்ளையளின்ர வயித்திலை இருந்தோ வெட்டி எடுக்கிறியள்?"

அதற்குப் பிறகு யார் முதலில் பாய்ந்தார் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி அலுமாரி உடைந்தது. மாச்சாக்கைக் கத்தியால் கிழித்தார்கள். ஒரு மனிசி உடைந்த கண்ணாடியோடு சேர்த்து மாவைச் சீலையில் அள்ளினாள். அவள் கைகளிலிருந்து வழிந்த இரத்தம் மாவில் சொட்டியது. யாரோ என் வயிற்றில் உதைத்தார்கள். நான் விழுந்த இடத்திலிருந்து பார்த்தபோது, குழைக்கிற மேசையில் அந்த முருகைக்கல் இருந்தது. அதன் பக்கத்தில் கையில் மாவோடு அண்ணை நின்றார்.

மீன்காரியின் புருஷன் கல்லைக் கண்டுவிட்டான். கையில் தூக்கி, கொத்துப்பட்ட மூலைகளைத் தடவிப் பார்த்தான். கடற்கரை மனிதனுக்கு முருகைக்கல் தெரியாதா?

"இதைக் கொத்தினது ஆர்?"

அண்ணை என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் தராசைப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பாணையே பார்த்தேன். வாயைத் திறந்தால் ஒரேயொரு சொல். அது வரவில்லை.

"கொத்தின கையைக் காட்டடா" என்று அவனும் தம்பியும் சேர்ந்து அண்ணையின் வலது கையைப் பிடித்து இழுத்தார்கள். போறணையின் இரும்புக் கதவு அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்கள். கையில் ஒட்டியிருந்த மா முதலில் கருகியது. பாண் வேகிற மணம் வந்தது. அதற்குப் பிறகு வந்தது வேறு மணம். அண்ணை கத்திய கத்தலில் மீன்காரியே ஓடிவந்து புருஷனின் தலைமயிரைப் பிடித்து இழுத்து, "விடடா, விடடா பாவி" என்று அடித்தாள். அப்போதும் அண்ணையின் வாயில் என் பெயர் வரவில்லை.

அவர்கள் கையை விட்ட பிறகுதான் நான் எழுந்தேன். பாண் இழுக்கிற நீளத்தடியை எடுத்து வெளியே ஓடிக்கொண்டிருந்தவர்களின் முதுகில் விளாசினேன். அந்தத் தம்பிக்காரனின் தோள் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவனுக்கும் அடித்தேன். சந்தோஷமாக அடித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. என் வீரம் ஐந்து நிமிடம் பிந்தி வந்தது.

விசாரிக்கக் கந்தோரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "விலை கூட்டினீங்களோ?" இல்லை. "ஆரையும் நிறுத்தினீங்களோ?" இல்லை. பாணின் நிறையைப் பற்றி நானே சொன்னேன். அவர் சிரித்தார். "அரசாங்கம் இப்ப கிலோவிலை எல்லோ நிறுக்குது. றாத்தல் எண்டு ஒரு அளவு சட்டத்திலை இல்லை. இல்லாத அளவிலை எப்பிடி ஐசே குறையும்?" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எனக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த வாதத்தை முதலில் கண்டுபிடித்தவன் நான்தானே.

நிறையைச் சரியாக்கினோம். பாண்களின் எண்ணிக்கை குறைந்தது. வரிசையின் வால் பக்கம் நின்றவர்கள் வெறுங்கையோடு போனார்கள், போகும்போது முன்னுக்கு நின்றவர்களை அடித்துவிட்டுப் போனார்கள். நான் முதலில் சொன்ன காதுக்கடி அந்த நாட்களில் நடந்ததுதான்.

அண்ணையின் விரல்கள் உள்ளே மடங்கியபடி ஒட்டிப்போயின. குழைக்க ஏலாது, உருட்ட ஏலாது. ஆனால் யாரையும் நிறுத்தக் கூடாது என்பது கட்டளை. ஆகவே அவர் ஒவ்வொரு நாளும் வந்தார். என் மேசைக்கு எதிரே ஒரு கதிரையில், மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பாண் இழுத்து முடியும் வரைக்கும் இருந்தார். போறணையைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்ப்பார். கேட்டால் பதில் சொல்வார். "நீங்கள்" போய் "நீர்" வந்திருந்தது. ஒரு வருடம் அப்படி எனக்கு எதிரே இருந்தார். தினமும் சொல்ல நினைப்பேன். தினமும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

பிறகு இராணுவம் தீவுக்குள் இறங்கப்போகிறது என்ற கதை வந்தது. ஷெல் விழத் தொடங்கியது. சனம் மூட்டைமுடிச்சோடு வெளிக்கிட்டது. கடைசியாகச் சுட்ட பாணை வரிசையில்லாமல் கொடுத்து முடித்தபோது பேக்கரியில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"அந்தக் கல்லு எங்கை?" என்று அண்ணை கேட்டார்.

அன்றைக்கு நிலத்தில் கிடந்ததைப் பொறுக்கி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் வைத்து ஏந்திப் பார்த்தார்.

"நீதானே கொத்தினனி."

"ஓம்" என்றேன். அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்தது.

"அண்டைக்கு இதைச் சொல்லியிருந்தா என்ர கை இருந்திருக்கும்."

அழுதிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் அப்போதும் மனேச்சர். "சொல்லியிருந்தா சங்கத்தைப் பூட்டியிருப்பாங்கள் அண்ணை. ஏழு பேருக்கும் வேலை போயிருக்கும்" என்றேன்.

கல்லாலேயே வாயில் அடித்தார். இடது கை என்றாலும் பதினைந்து வருடம் மாக் குழைத்த கை. முன்பல் இரண்டும் போயின. நான் சுவரோடு சரிந்து இருந்தேன். இரத்தமும் கல்தூளும் நாக்கில் கரைந்தன. அவர் என்னைத் தாண்டிப் போய் வாசலில் நின்றார்.

"மாசக் கடைசி எல்லோ. எழுது, ஒருத்தருக்கும் வேலை போகேல்லை எண்டு."

அவர் போனபிறகு பேனாவை எடுத்தேன். ஏழு ஊழியர்களும் வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.