கார் ஆயில் ஊற்றிய வண்டி

2008ஆம் வருடம் ஜெயராணிக்கு நாற்பத்தொரு வயது. குமராட்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைப் பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலையில் கடலூர் செம்மண்டலத்து வீட்டிலிருந்து கிளம்பி பஸ்ஸில் சிதம்பரம் போவாள். அங்கிருந்து ஆபீஸ் கொடுத்த மோட்டார் சைக்கிள். முப்பத்தாறு வயதில் கியர் வண்டி பழகியதே இந்த வேலைக்காகத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வாய்க்கால் கரையில் விழுந்து இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. மினிபஸ்ஸுக்கு ஒதுங்கி, வேகத்தடை ஏறி, மாடுகளுக்கு நின்று, ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தக் காலால் கியர் மாற்ற வேண்டும். அந்த மழைக்காலத்தில் கியரும் இறுகிக்கொண்டது. மிதித்து மிதித்து மாலைக்குள் கால் வீங்கிவிடும்.

மெக்கானிக் கண்ணாயிரம் ஆயிலை வடித்துப் பார்த்தான். கறுப்பாக, தண்ணீர் போல ஒழுகியது.

"கார் ஆயிலு நல்லதா ஒண்ணு இருக்குதுக்கா. வெல ஜாஸ்திதான். ஊத்துனா கியரு வெண்ண மாதிரி வுழும் பாருங்க."

சொன்னபடி இரண்டு நாள் கியர் நன்றாகத்தான் விழுந்தது. மூன்றாம் நாள், கொள்ளிடக் கரை மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிடிக்கவில்லை. அன்று பார்க்க வேண்டியது சுப்புராயனை. கூலி வேலைக்காரர், ஒரு வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். திரும்பினாலும் தள்ளத்தான் வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனாள்.

சுப்புராயன் வாசலில் சுருண்டு படுத்திருந்தார்.

"இதத் தின்னா கொமட்டுது நர்சம்மா. நடவுக்குப் போவ முடியல. நீங்க வேற, வண்டியத் தள்ளிக்கினு எதுக்கு வர்றீங்க?"

ஜெயராணி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள். மூச்சு வாங்கியது.

"எனக்கும் முடியலதான்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவர் எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். பிறகு அவரே கை நீட்டி மாத்திரையை வாங்கி விழுங்கினார்.

"இனிமே சோறு தின்னுட்டு போடுங்க. அப்பயும் கொமட்டுனா சொல்லுங்க, டாக்டர்கிட்ட கேக்குறேன்."

வண்டியை மினி லாரியில் ஏற்றிச் சிதம்பரம் கொண்டுவந்தாள். கிளட்ச் பிளேட்டையே மாற்றணும் என்றான் கண்ணாயிரம். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த மலர்க்கொடியிடம் போய் விசாரித்தாள்.

"காருல கிளட்ச் தனியா, காஞ்சு இருக்கும். பைக்ல இன்ஜின் ஆயில்லயேதான் ஊறிக்கினு இருக்குது. காரு ஆயில்ல வழுக்குறதுக்குன்னே சிலது கலப்பாங்க. அத பைக்ல ஊத்துனா பிளேட்டு எப்படிப் பிடிக்கும்? டப்பா பின்னால எம்.ஏ.ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அதான் பைக் ஆயிலு. உங்க வண்டிக்கு இருபது நாப்பது நம்பர் ஆயிலே போதும்."

அவள் வாங்கிவந்த புது ஆயில் டப்பாவைக் கண்ணாயிரம் இரண்டு தடவை திருப்பிப் படித்தான். பழைய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டுப் புதியதை ஊற்றினான். தொளதொளவென்று கிடந்த கிளட்ச் கேபிளை அளவாக இறுக்கினான். கியர் லிவரையும் அவள் கால் எட்டும்படி கொஞ்சம் இறக்கி வைத்தான்.

"தெரியாம பண்ணிட்டேங்க்கா" என்றான், முகம் பார்க்காமல்.

இரண்டு நாளில் வழுக்கல் நின்றது. பாதத்தை லேசாக அழுத்தினாலே கியர் விழுந்தது. கணுக்கால் வலி முழுசாக விடவில்லை. ஆனால் வீக்கம் வடிந்தது.

சித்திரையில் சுப்புராயனின் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அந்தத் தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, சிதம்பரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடலூர் வந்ததும் போனதும் தெரியாமல் தூங்கிவிட்டாள். புதுச்சேரி எல்லையில், கன்னியக்கோயிலில் கண்டக்டர் எழுப்பியபோது, இறங்கி, கடலூர் திரும்பும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.