துரை விட்டுப்போன காரும் என் காதுகுத்தும்

ஐம்பது வயதைத் தாண்டியபின் கார் ஓட்டப் பழகப் போனேன். சொல்லிக்கொடுத்த பையன் பொறுமைசாலி. "சார், வண்டி இன்னும் கிளம்பவே இல்ல, பிரேக்குல இருந்து காலை எடுங்க" என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு, எனக்குப் பஸ்தான் தோது என்று மரியாதையாகக் கைகழுவிவிட்டான். அவன்மேல் தப்பில்லை. காரில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை பிரேக்கை மிதிப்பதுதான். சிறுவயதில் குரங்கணியில் என் தாய்மாமாவிடம் முறையாகப் பயின்றது.

மேலே ஏலக்காய்த் தோட்டத்துக் கொட்டகையில், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன காரை மாமா மாடு கட்டி இழுத்து வந்திருந்தார். என் காதுகுத்துக்குச் சீர் அந்தக் காரில்தான் வந்து இறங்கும் என்று அப்பாவிடம் சவால் வேறு. எஞ்சின் எப்படியோ உயிர்பெற்றது. பிரேக்தான் தகராறு. அதில் எண்ணெய் கிடையாது. மிதியிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் இரும்புக் கம்பிகள் ஓடும். நான்கும் ஒரே அளவு இழுத்தால் வண்டி நிற்கும். ஒன்று முந்திக்கொண்டால் பள்ளத்தைப் பார்க்கத் திரும்பிவிடும்.

"மாப்ளே, காது குத்தச் சொன்னா எம்மகன் கழுத்த ஒடிச்சிருவ போலருக்கே. பேசாம ஜீப்புல வா" என்றார் அப்பா.

"கோயில் வாசல்ல ஒங்க கால் நகத்துக்கிட்ட கொண்டாந்து நிப்பாட்டுறேன், பாருங்க மச்சான்."

அப்பா வீட்டார் கூடியிருந்த இடத்தில் சொன்ன சொல். இனி ஜீப்பில் போய் இறங்கினால், அந்தக் கேலியை அம்மா ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

காதுகுத்துக்கு முன்பே அம்மாவும் நானும் மாமா வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா காரின் வயிற்றுக்கடியில் மரக்கட்டைகளை அடுக்கி, சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட்டார். நான் மிதிப்பேன், அவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக் கம்பியை முறுக்குவார். "மிதி மருமவனே... விடு... வெரசா விடுறா, ஒங்கப்பன் மாதிரி யோசிக்காத!" கடைசியில் நான்கும் ஒன்றுபோலப் பிடித்தன. காரை இறக்கி, நாங்கள் இருவர் மட்டும் சரிவில் ஓட்டிப் பார்த்தோம். அருமையாக நின்றது. என் மிதியின் மகிமை என்று எனக்குத் தோன்றியது.

காதுகுத்து அன்று சொந்தங்கள் ஏறினார்கள். எங்கள் மலைப்பக்கம் வண்டி நிறைந்துவிட்டது என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. தோட்டத்து ஜீப்பில் பழகிய உடம்புகள். மடிமேல் மடியாக அமர்ந்து, மிச்சப்பேர் வெளியே தொற்றிக்கொண்டார்கள். மாமா கிளப்பினார். கார் நகரவில்லை. இறக்கத்தைப் பார்த்து நின்றுகொண்டு, எஞ்சின் முக்கியும் நகரவில்லை. நான்கு சக்கரங்களும் ஆணியடித்ததுபோல இறுகிக் கிடந்தன.

மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொங்கும் சக்கரத்துக்கு அளவெடுத்த கம்பிகள், பாரத்தில் வண்டி அமுங்கியதும் தாமாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டன. ஆட்கள் இறங்கினால்தான் ஓடும். ஆனால் சீர் வண்டியில் ஏறிய சொந்தத்தை இறங்கச் சொன்னால், அப்புறம் நம் வீட்டு எழவுக்குக்கூட எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மாமா வியர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா இறங்கினாள். "கோயிலுக்கு நடந்து வர்றதா நேந்திருக்கேன். நீங்க போங்க" என்றாள். அதுவரை யாரும் கேள்விப்படாத நேர்த்திக்கடன். பிள்ளையைப் பெற்றவள் நடக்கும்போது மற்றவர்கள் காரில் போக முடியுமா? முனகிக்கொண்டே ஒவ்வொருவராக, சீர்த்தட்டுகளோடு இறங்கினார்கள். கார் முதுகை நிமிர்த்திக்கொண்டு, மாமாவையும் என்னையும் மட்டும் சுமந்து உருண்டது.

கோயில் வாசலில், அப்பாவின் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் மாமா நிறுத்தினார். அப்பா காரைப் பார்க்கவில்லை. பின்னால் தட்டுகளோடு வரிசையாக நடந்துவந்த கூட்டத்தைப் பார்த்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு வரவேற்கப் போனார்.

நான்தான் அம்மாவோடு பேசவில்லை. நான் மிதித்துச் சரிசெய்த பிரேக்கை நம்பாமல், சாக்குச் சொல்லி ஊரறிய இறங்கிவிட்டாளே என்று ஆத்திரம். மாமா மடியில் உட்கார்ந்து காதில் ஊசி இறங்கியபோதுகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் யாருக்காக இறங்கினாள் என்பது மீசை நரைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போன பொங்கலுக்குப் போடிக்கு அம்மாவைப் பார்க்கப் போனபோது, தன் தம்பியின் கௌரவத்துக்காக அவள் நடந்த அந்த நடையைப் பற்றி உருகி உருகி எடுத்துச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டாள்.

"கௌரவமாவது கத்தரிக்காயாவது. பின்சீட்டு ஸ்பிரிங்கு குத்துச்சுடா. பட்டுச்சேல கிழிஞ்சா ஒங்கப்பாவா எடுத்துக் குடுப்பாரு?"