எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தவர்

கென்யாவின் மசாய் மாராப் புல்வெளியில் பதினொரு வருடம் சஃபாரி வண்டி ஓட்டிய மனிதர் இப்போது கனடாவில், பிறம்ரனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? அருள்நாயகமும் யாரையும் நம்பவைக்க மெனக்கெட்டதில்லை. கலியாண வீடுகளில் யாராவது, "அண்ணை, மெய்யாவே சிங்கம் பாத்தனீங்களோ?" என்று கேட்டால், "ஓம், கனக்கப் பாத்தனான்" என்பார். அதோடு சரி. அவர் வாயிலிருந்து ஒரு கதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அவர் ஆசைப்பட்டு ஆபிரிக்காவுக்குப் போனவரல்ல. தொண்ணூற்றாறில் கனடாவுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டவரை, ஏஜென்ற் நைரோபியில் ஒரு அறையில் இருத்திவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். ஊரில் மனைவி புனிதவதியும் ஒரு வயது மகள் மயூரியும். அருள்நாயகம் ஒரு சஃபாரிக் கம்பனியில் வண்டி கழுவினார், பிறகு ஓட்டினார், கடைசியில் பரீட்சை எழுதி வழிகாட்டியும் ஆனார். இதற்கிடையில் புனிதவதியையும் பிள்ளையையும் அவளுடைய அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசா ஸ்காபரோவுக்கு எடுப்பித்துவிட்டார். அருள்நாயகத்தின் விண்ணப்பம் மட்டும், ஏஜென்ற் கொடுத்த கள்ளப் பாஸ்போட் விவகாரத்தால், இரண்டு தரம் திரும்பி வந்தது.

வேலையில் அவர் கெட்டிக்காரர். மான் கூட்டம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தப் பக்கம் சிங்கம் என்பார். மரத்தில் தொங்கும் வாலை வைத்தே சிறுத்தையைக் கண்டுபிடிப்பார். மற்ற வழிகாட்டிகள் மிருகத்தின் பின்னால் வண்டியை விரட்டுவார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியில் இருப்பவர்களையும் வாயை மூடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். அரைமணியோ, இரண்டு மணியோ. மிருகம் தானாகவே வரும். ஒருமுறை ஒரு சிவிங்கிப்புலி வண்டியின் பொனெற்றிலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. அந்தப் பொறுமைக்காகவே அவரைப் பெயர் சொல்லிக் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

ஒருவழியாக ரொறன்ரோ விமான நிலையத்தில் அவர் வந்து இறங்கியபோது மயூரிக்குப் பதினைந்து வயது. நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது, பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போனது எல்லாம் ஸ்ரீஸ்கந்தராசா மாமா. அப்பா என்று வந்து நின்ற கறுத்து மெலிந்த மனிதரை அவள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மாமாவுக்குப் பின்னால் போய் நின்றாள். அருள்நாயகம் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டார். கிட்டப் போகவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய அறைக் கதவை ஒருநாளும் தட்டவில்லை. சிறுத்தையையும் பெற்ற பிள்ளையையும் ஒன்றாக நினைத்துவிட்டார், பாவி மனுசன்.

"போய்க் கதையுங்கோவன். அவள் உங்களைக் கடிக்கவே போறாள்?" என்று புனிதவதி ஏசுவாள்.

"அவளா வரட்டும். நாங்கள் அவசரப்பட்டா விலகிப்போவாள்" என்பார்.

புனிதவதி ஐந்து வருடங்களுக்கு முன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். பிறகு அந்த அப்பார்ட்மென்றில் தகப்பனும் மகளும் மட்டும்தான். சோறு ஆக்கி மூடி வைப்பார்கள், ஆளுக்கு ஆள் நேரம் பார்த்துச் சாப்பிடுவார்கள். சண்டை என்று ஒன்றுமில்லை. சண்டை பிடித்திருந்தாலாவது நான்கு வார்த்தை பேசியிருப்பார்கள்.

போன வருடம் மயூரிக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கஜீவனுக்குக் கல்கரியில் வேலை. அருள்நாயகத்துக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. மணவறையில் மகளைத் தன் கையால் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். தாயும் தகப்பனும் சோடியாக நின்று செய்வதுதான் வழக்கம். மனைவி இல்லாதவன் நிற்கலாமோ, நிற்கக்கூடாதோ? வளர்த்தது மாமா அல்லவா? மயூரி கேட்கட்டும் என்று இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஐயர் கொடுத்த லிஸ்ற்றோடு வந்து சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே இருந்தாள். "தாரை வார்க்கிற ஆக்களின்ர பேர் எழுதோணுமாம்" என்றாள். பேனை கையில் இருந்தது. இவ்வளவு கிட்ட அவள் வந்து இருந்ததே இல்லை. அவர் அசையவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கூடத் தூக்கவில்லை. அவள் லிஸ்ற்றை மடித்தாள், விரித்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவள் எழுந்து போய்விட்டாள். மனுசனுக்கு அன்று பின்னேரம் முழுக்க ஒரே சந்தோசம். பத்து நிமிடம் இருந்தாளே!

அடுத்தநாள் ஸ்ரீஸ்கந்தராசா தொலைபேசி எடுத்தார்.

"அருள், பிள்ளை என்னையும் மாமியையும் தாரை வார்க்கச் சொல்லிக் கேக்கிறாள். நீர் இருக்கேக்க நான் செய்யிறது எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு. என்ன சொல்லுறீர்?"

"பிள்ளையின்ர விருப்பம்தானே, மச்சான்" என்றார். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

கலியாணத்தன்று முன்வரிசையில், விருந்தாளியைப் போல, பட்டு வேட்டியோடு இருந்தார். தாரை வார்க்கும் நேரம் ஐயர் ஒலிவாங்கியில், "பெண்ணின்ர பூட்டன், பேரன், தகப்பன் பேர் சொல்லுங்கோ" என்றார். ஸ்ரீஸ்கந்தராசா தாய்வழி மாமன். அவருக்கு மச்சானுடைய பெயர் தெரியும், மச்சானின் தகப்பன், பாட்டன் பெயர்கள் தெரியாது. ஐயரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், விழித்தார். ஐயர் திரும்பவும் கேட்டார். மயூரி தலையைத் திருப்பித் தகப்பனைப் பார்த்தாள்.

பழக்கதோசம், அப்போதும் அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து நின்றார்.

"பூட்டன் வேலுப்பிள்ளை! பேரன் நாகமணி! தகப்பன் அருள்நாயகம்!"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஐயர் அந்த மூன்று பெயரையும் சொல்லி மந்திரத்தை ஓதினார். மாமி தண்ணீர் ஊற்ற, மாமா மயூரியின் கையை எடுத்துக் கஜீவனின் கையில் வைத்தார். அருள்நாயகம் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னேரம் மண்டப வாசலில் விடைபெறும்போது மயூரி அவர் காலில் விழுந்து எழும்பினாள். கண் மை கலைந்திருந்தது.

"அண்டைக்கு மேசையில நான் உங்களைக் கேக்கத்தான் வந்தனான். அப்பா தனிய நிண்டாலும் பிழையில்லை எண்டு ஐயரிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தனான். நீங்கள் வாயே திறக்கேல்லை. விருப்பமில்லை எண்டு நினைச்சிட்டன்."

"நீ கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான், பிள்ளை."

"நானும்தான், அப்பா. பதினைஞ்சு வருசமா நானும்தான் பாத்துக்கொண்டிருந்தனான்." அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "இண்டைக்கு எழும்பிக் கத்தினீங்களே. அதில ஒரு சொல்லு அண்டைக்குச் சொல்லியிருந்தாப் போதுமே."

அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. முதலாவதைத் தொடங்குவதற்குள் வீடியோக்காரர் பிள்ளையைக் காருக்குக் கூப்பிட்டுவிட்டார்.